ஹெங்ஜு மலையும் அடைத்த கலுங்கும்

"நவம்பர் 23, ஞாயிறு, மாலை 5.40. கண்மாய்க் கலுங்கு. குத்துக்கல் எட்டு, இடைவெளி ஏழு. ஏழிலும் பலகை, பின்னால் மண்மூட்டை. நீர், பலகையின் மேல்விளிம்புக்கு நான்கு விரல் கீழே. தூறல்."

என் கைபேசியில் ஒரு படத்துக்குக் கீழே நான் எழுதி வைத்திருக்கும் குறிப்பு இது. எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் நாள், நேரம், இடம் எழுதி வைப்பது என் பழக்கம். என் மனைவி செல்வி இதை வியாதி என்பாள். இந்த நாலு வரி ஓர் ஊரையே கரைமேல் கொண்டுவந்து நிறுத்தும் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா என்பதும் எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.

நான் தாம்பரத்துக்காரன். பதினான்கு வருடமாகக் கொரியாவில், தலைநகரை ஒட்டிய கோயாங் நகரில் வேலை பார்க்கிறேன். செல்விக்குப் புதுக்கோட்டை மாவட்டம். வல்லத்திராக்கோட்டைக்கு அப்பால் ஒரு சிற்றூர். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அவளுடைய அண்ணன் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஏன் கேட்டார் என்பது போகப் போகத் தெரியும். ஆடியில் மாமனார் காலமானார். வாரிசுச் சான்று வாங்க யாராவது வர வேண்டியிருந்தது. செல்விக்கு விடுப்பு இல்லை. நான் வந்தேன்.

பெட்டியில் மாமியார் வீட்டுக்குக் காய்ந்த கடற்பாசியும் ஜின்செங் தேநீரும் இருந்தன. கைப்பையில் எதிர்வீட்டு பாக் ஆசிரியர் கொடுத்த ஒரு சிறு நூல். அவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். எங்கள் குடியிருப்பிலிருந்து பேருந்தில் இருபது நிமிடத் தொலைவில் இருக்கிற ஹெங்ஜு மலைக்கோட்டையைக் காத்த தளபதியின் வாழ்க்கையை அவரே எழுதி, அவரே அச்சடித்து, வேண்டியவர்களுக்குக் கொடுக்கிறார். பெரியவர்களைப் பெயர் சொல்லாமல் பதவியைச் சொல்லிக் குறிப்பிடுவது அந்த நாட்டு மரியாதை. நானும் தளபதி என்றே எழுதுகிறேன்.

வந்த முதல் நாளிலேயே பயம் தொடங்கிவிட்டது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் பேருந்தில் நான் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கீரனூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் இரண்டு முறை ஆடிவிட்டு நின்றது. கண்ணாடிக்கு வெளியே சாலை இல்லை. வெறும் சாம்பல் நிறம். ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமல் நடத்துநரிடம் பேசினார்.

"யார்ட்டயாச்சும் பொயலை இருக்கான்னு கேளு."

நடத்துநர் வண்டிக்குள் கேட்டுக்கொண்டே வந்தார். பின்னிருக்கையில் ஓர் அம்மாள் இடுப்புப் பையை அவிழ்த்தார்.

"ஒரு துண்டுதான் தருவேன். தேச்சுட்டு மிச்சத்தக் குடுத்துரணும்."

"தேச்ச பொயலைய வாங்கி என்னாத்தா செய்வ?"

"வாயில போடுவேன். நீயா போடப் போற?"

வண்டியை ஓரம் கட்டி, புகையிலையைக் கண்ணாடி முழுக்கத் தேய்த்தார் நடத்துநர். நீர் திவலையாக நிற்காமல் ஒரே தகடாக வழிந்தது, வழி தெரிந்தது. நார்த்தாமலைப் பிரிவு தாண்டும்போது வண்டிக்குள் இருந்த எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. கொரியாவில் இந்த அலறல் எனக்குப் பழக்கம். பனி, வெயில், காணாமல் போன முதியவர் என்று எல்லாவற்றுக்கும் அலறும். படிக்கத் தெரியாத முதல் வருடம், ஒவ்வொரு முறையும் போர் வந்துவிட்டது என்றே நினைத்தேன். இங்கே எனக்குப் படிக்கத் தெரிந்தது. கன மழை, தாழ்வான பகுதிகளில் உள்ளவர்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும். படித்தவர்கள் அலறலை அணைத்துவிட்டு ஜன்னல் தகரத்தை இறக்கினார்கள். நான் மட்டும் இன்னொரு முறை படித்தேன்.

பேருந்து நிலையத்தில் மச்சான் மாணிக்கம், செல்வியின் அண்ணன், பைக்கோடு நின்றிருந்தார்.

"வாங்க மாப்ளே. மழையவும் சேத்து கூட்டியாந்துட்டீங்க போல."

அவருடைய சிரிப்பில் உண்மையான சந்தோஷம் இருந்தது. மூன்று வருடம் மழைக்கு ஏங்கிய மனிதரின் சந்தோஷம் அது என்று வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது.

மாலையில் ஊர்க் கண்மாயைக் காட்டக் கூட்டிப்போனார். எங்கள் பக்கத்தில் ஏரி என்போம். கரை மேல் ஏறி நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். இடப்பக்கம் நீர், அக்கரை தெரியாத அளவுக்கு. வலப்பக்கம் கீழே முப்பது முப்பத்தைந்து வீடுகள். மச்சான் வீட்டு ஓட்டுக்கூரை எனக்குத் தெரிந்தது. அதன் உச்சி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. நடுவில் இந்த மண்கரை ஒன்றுதான். எனக்கு நீச்சல் தெரியாது. கரையின் நடுவிலேயே நடந்தேன்.

கரையின் கடைசியில் கலுங்கு. கண்மாய் நிறைந்தால் மிகுந்த நீர் தானாக வழிந்து போக வேண்டிய கல்தளம். அதன் மேல் வரிசையாக ஆளுயரக் கற்கள் நட்டிருந்தன. கற்களுக்கு நடுவே பலகை செருகி, மண்மூட்டை அடுக்கி அடைத்திருந்தார்கள்.

"இது வழியாத்தானே தண்ணி போகணும் மச்சான்?"

"போகணும். போனா போயிரும்ல?" என்றார். "மூணு வருசமா கண்மா நெறையல மாப்ளே. போன தையில கதிரு கருகி, மாட்டுக்கு அறுத்துப் போட்டோம். இப்பத்தான் தண்ணியக் கண்ணால பாக்குறோம். ஒரு பலகை ஒசரம் சேத்து நிப்பாட்டுனா கடைசித் தண்ணிக்கு ஆகும். எங்கய்யா காலத்துலேர்ந்து போடுறதுதான்."

அவர் நீரையே பார்த்துக்கொண்டு நின்றார். படம் எடுத்தேன். குறிப்பு எழுதினேன். வீட்டில் அவர் மனைவி லதா விரால் மீன் குழம்பு வைத்திருந்தார். கோயாங்கில் செல்வி இதே குழம்பை ஏதோ ஒரு கடல்மீனில் வைத்து, இது அது இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். இதுதான் அது. ஆனால் மூன்று பிடிக்கு மேல் இறங்கவில்லை. கூரையில் மழை விழுந்துகொண்டே இருந்தது.

மறுநாள் திங்கள். கிராம நிர்வாக அலுவலகம் பூட்டியிருந்தது. வி.ஏ.ஓ. அம்மா மழைக்கூட்டத்துக்குத் தாலுகா அலுவலகம் போயிருப்பதாகவும், செவ்வாய் காலை இருப்பார் என்றும் கதவில் சீட்டு. தூறல் விட்டிருந்தது. ஒரு பகல் சும்மா இருக்க முடியாமல் திருமயம் கோட்டைக்குப் பேருந்து ஏறினேன்.

வழியில் பாக் ஆசிரியரின் நூலைப் படித்தேன். தளபதி பிறவிப் படைவீரர் அல்ல. பெரிய அமைச்சரின் மகன்; ஆனால் அரசுத் தேர்வில் தேறியது 1582இல், அவர்கள் கணக்கில் நாற்பத்தாறாவது வயதில். அவருடைய மருமகன் இரண்டு வருடம் முன்பே தேறிவிட்டார். அந்த வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை நினைத்துப் பார்த்தேன். பத்து வருடம் கழித்து ஜப்பானியப் படை கடல் தாண்டி வந்தபோது அந்த ஏட்டு மனிதரை ஓர் ஊருக்கு நிர்வாகியாக அனுப்பினார்கள். எழுதுகோல் பிடித்த கையோடு ஆள் திரட்டத் தொடங்கினார். அடுத்த வருடம் இரண்டாம் மாதம் பன்னிரண்டாம் நாள், ஹெங்ஜு மலையில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரோடு, முப்பதாயிரம் என்று சொல்லப்படும் படையை ஒரு முழுப் பகல் தடுத்து நிறுத்தினார். அம்பு தீர்ந்தபோது பெண்கள் பாவாடைக்கு மேல் கட்டிய மடித்துணியில் கல் சுமந்து கொடுத்தார்கள் என்று ஊரே சொல்லும். மலையடிவாரக் கடைகளில் மடித்துணி கட்டிய பெண் பொம்மை கிடைக்கும். பாக் ஆசிரியருக்கு அந்தக் கதை ஆகாது. "அந்த வருடம் எழுதிய எந்த ஏட்டிலும் அந்தப் பெண்கள் இல்லை. பின்னால் வந்தவர்கள் சேர்த்தது" என்று கையை உதறுவார். நானும் அவர் கட்சிதான்.

திருமயத்தில் பாறை ஈரமாக இருந்தது. வாசலில் இருந்தவர் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

"மேல பீரங்கிக்கிட்ட போகாதீங்க சார். வழுக்கும். விழுந்தீங்கன்னா தூக்க நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

பாதிவரை ஏறினேன். பாறைக்குழி ஒன்றில் மழைநீர் நிறைந்து கிடந்தது. தளபதியைப் பற்றிய இன்னொரு கதை நினைவுக்கு வந்தது. வேறொரு மலைக்கோட்டையில் முற்றுகையின்போது குடிக்க நீர் இல்லை. கீழே இருக்கும் எதிரி பார்க்கும்படி ஓர் உயரத்தில் குதிரைகளை நிறுத்தி, அவற்றின் மேல் வெள்ளை அரிசியைக் கொட்டித் தேய்க்கச் சொன்னாராம். தூரத்திலிருந்து பார்த்தவர்கள், குதிரை கழுவும் அளவுக்கு நீர் இருக்கிறது என்று நம்பி விலகினார்களாம். நீர் இல்லாத பயத்தில் நீர் இருப்பதாகக் காட்டினார்கள். எங்கள் மச்சான் ஊரில் நீர் இல்லாமல் போகும் பயத்தில் இருக்கிற நீரைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இறங்கி வந்து தேநீர்க் கடையில் நின்றபோது பக்கத்து ஆள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"அங்கிட்டு ஒரு கண்மா ஒடஞ்சிருச்சாம்ப்பா. ஆடு மாடெல்லாம் போச்சாம்."

"எந்தக் கண்மா?"

"அது தெரியல. ஒடஞ்சிருச்சாம்."

எந்த ஊர், எத்தனை மணிக்கு, பார்த்தவர் யார் என்று கேட்க வாய் திறந்தேன். அவர்கள் பேருந்தில் ஏறிவிட்டார்கள். கையிலிருந்த வடை அப்படியே இருந்தது. அடுத்த வண்டியைப் பிடித்துத் திரும்பினேன். சாலையில் நீர் ஓடுகிறது என்று எங்கள் ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே இறக்கிவிட்டார்கள். மழை மறுபடி பிடித்தது. எதிரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். வி.ஏ.ஓ. அம்மாவுக்கு உதவியாளர், ஊரில் தலையாரி என்கிறார்கள், பெயர் சின்னையா. நான் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கூடவே திரும்பி நடந்தார்.

"நம்ம கண்மாய்க்குப் பயமில்லையே?" என்றேன்.

"ஒரு பயமும் இல்ல சார். காலையிலதான் பாத்துட்டு மேடத்துக்குப் போன் போட்டேன். கலுங்கு சும்மா தொறந்து கெடக்கு. அவங்களும் மேல எழுதி அனுப்பிட்டாங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சைக்கிள் சக்கரத்தைப் பார்த்தார். என் சட்டைப் பையில் படம் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. மச்சான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு மச்சானைக் காட்டிக்கொடுப்பதா என்று நினைத்தேன். இந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய தவறு அந்த இரண்டு கிலோமீட்டர் மௌனம்.

செவ்வாய் காலை ஒன்பதரைக்கு அலுவலகத்தில் வி.ஏ.ஓ. இருந்தார். பூங்கொடி என்று பெயர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒழுகும் கூரைக்குக் கீழே பதிவேடுகளின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். வாரிசு தானே? எத்தன புள்ளைங்க, யாரு யாரு எங்க இருக்காங்க?"

சொன்னேன். செல்வியின் கடவுச்சீட்டுப் படத்தைக் கேட்டார். கைபேசியில் எடுத்துக் கொடுத்தேன். பெரிதாக்கிப் பார்க்கப் போனவரின் விரல் தவறி அடுத்த படம் வந்தது. அவர் நிறுத்திப் படித்தார். உதடு அசைந்தது. ஏழிலும் பலகை, பின்னால் மண்மூட்டை.

"இது நம்ம கலுங்கு தானே சார்?"

"ஆமாங்க."

"சின்னையா, இங்க வாங்க. இது என்ன?"

வாசலில் நின்ற சின்னையா எட்டிப் பார்த்தார். "பழைய படமா இருக்கும் மேடம்."

"தேதி போட்டுருக்கு."

பூங்கொடி தேதியைத் தொட்டுக் காட்டினார்.

"உங்க நெலம் எங்கிட்டு இருக்கு சின்னையா?"

"மடைக்குக் கீழதான் மேடம். அரை ஏக்கரு. இந்தத் தண்ணிதான் பாயுது."

பூங்கொடி கைபேசியை என்னிடம் திருப்பித் தந்தார். குடையை எடுத்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாது சார். கண்மாக்கரைன்னாலே காலு கூசும். பாக்காம எழுதுனேன் பாருங்க, அதுக்குத்தான் இது."

சேற்றில் நடந்துகொண்டே அவர் பேசினார். பயத்தில் பேசுகிறவர்கள் பேசுவது போல, சம்பந்தமில்லாமல்.

"நாப்பது வயசுல இந்த வேலைக்குப் பரீட்சை பாஸ் பண்ணேன். எம்பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணுன அதே வருசம். அவ மார்க்குதான் கூட. அதுக்கு முன்னாடி துணிக்கடையில பில் போட்டேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எழுதுறதுதான் சார்."

எனக்குப் பாக் ஆசிரியரின் நூல் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லும் நேரம் அது இல்லை.

கலுங்கில் நீர் பலகையைத் தாண்டி மெல்லிய தகடாக வழிந்துகொண்டிருந்தது. கரை நெடுக ஒரு சாண் கூட மிச்சமில்லை. பத்துப் பதினைந்து பேர் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள், மச்சானும் இருந்தார். கரையின் தாழ்ந்த இடங்களில் இன்னும் மண் போட்டு உயர்த்திக்கொண்டிருந்தார்கள். பூங்கொடி பலகைகளை எடுக்கச் சொன்னார். யாரும் நகரவில்லை.

"தொறந்தா தண்ணி நேரா என் வயலுக்குத்தான் வரும் மேடம்" என்றார் சுப்பையா என்ற பெரியவர். கலுங்குக்குக் கீழே இருந்த பச்சை வயல் அவருடையது. "நட்டு இருவது நாளுதான் ஆச்சு."

"நாளைக்கு மழ நின்னுரும்னு டீவில சொல்றான்" என்றார் இன்னொருவர்.

"காஞ்சு கெடந்தப்ப ஒருத்தரையும் காணோம். நெறைஞ்சதும் கொடையோட வந்துட்டாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

பூங்கொடி பாசனப் பொறியாளருக்குப் போன் போட்டார். பாலத்தின் மேல் நீர் போகிறது, வர முடியவில்லை என்றது எதிர்முனை. அடுத்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. தொடர்பு அறுந்துவிட்டது.

"பாத்துக்கங்கங்குறாரு" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு குடையை மடக்கினார். "நேத்து நான் கலுங்கு தொறந்திருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கேன். எழுதுனது எழுதுனதுதான். இன்னிக்கி அதை நெசமாக்கணும். நீங்க எடுக்கலைன்னா நான் எடுக்குறேன். நீச்சல் தெரியாதவ விழுந்தான்னு நாளைக்கி நீங்க எழுதிக் குடுங்க."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கலுங்கின் முதல் கல்லைப் பிடித்தார்.

மச்சான் மண்வெட்டியைப் போட்டார். "நில்லுங்க மேடம். பலகை போட்டதுல நானும் ஒருத்தன். நானே எறங்குறேன்."

அவர் வாய் மூடவில்லை, கரையின் நடுப்பக்கமிருந்து லதாவின் குரல் வந்தது.

"மடைக்கிட்ட கரை ஒழுகுதுங்க. கலங்கலா வருது."

அதைக் கேட்டதும் பெரியவர்கள் முகம் மாறியது. தெளிந்த நீர் கசிந்தால் பரவாயில்லையாம். கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தமாம். இதை எனக்குச் சொன்னது சின்னையா. சுப்பையா பெரியவர் தன் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

பிறகு நடந்ததை எழுதும்போது பூங்கொடியின் குரலைத்தான் நினைக்கிறேன். உரக்கப் பேசிப் பழகாத குரல். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை உடைந்தது. ஆனால் யார் எங்கே என்று ஒரு பெயர்ப் பட்டியலைப் போலச் சொன்னது. நாலு பேர் கலுங்குக்கு. மற்ற ஆண்கள் ஒழுகும் இடத்துக்கு. சின்னையா கோயில் மணியை அடித்துவிட்டு, வயதானவர்களையும் பிள்ளைகளையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். வீடு வீடாக யார் நடக்க முடியாதவர் என்பது பூங்கொடிக்குத் தெரிந்திருந்தது. முதியோர் உதவித்தொகைக்கு எழுதியவர் அவர்தானே.

மச்சான் இடுப்பில் கயிறு கட்டினார்கள். மறுமுனையைக் கரையிலிருந்த பூவரச மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மூன்று பேரோடு நானும் பிடித்தேன். ஊறிப்போன பலகை கல்லோடு இறுகியிருந்தது. கடப்பாரை ஒன்றுதான் இருந்தது. அது வழுக்கிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் அசையவில்லை. பின்னால் யாரோ வந்தார்கள். திரும்பினால் சுப்பையா, தோளில் தன் வீட்டுக் கடப்பாரையோடு.

"அடியில குடுத்து நெம்பணும்டா. மேல குத்துனா என்னைக்கு வரும்?" என்று சொல்லிக்கொண்டே நீரில் இறங்கினார். கீழே இருந்த தன் வயலை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் பலகை 11.52க்கு வந்தது. நேரம் எப்படித் தெரியுமென்றால், ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் படம் எடுத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எடுத்தேன். அந்த நாளின் கடைசிப் படம் அது. இரண்டாவது, மூன்றாவது சுலபமாக வந்தன. நான்காவது பலகை பிய்ந்தபோது பக்கவாட்டில் சுழன்று மச்சானின் இடது கையில் அடித்தது. அவர் கல்லை விட்டார். அவர் தலை நீருக்குள் போனது.

கயிறு என் உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு ஓடியது. மரம் முனகியது. நீரில் வெறும் நுரை. நான் எண்ணினேன், எண்ணுவது என் பழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று. செல்வியிடம் இதை எப்படிச் சொல்வது. நான்கு, ஐந்து. பதினொன்றில் சுப்பையாவின் கை மச்சானின் தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்தது. மச்சான் இருமினார். அந்த இருமலைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கையைத் துணியால் கட்டி அவரைக் கரையில் உட்கார வைத்தோம். மற்றவர்கள் மீதிப் பலகைகளை எடுக்க, நான் லதாவிடம் செய்தி சொல்ல ஓடினேன். மடையருகே போனதும் சொல்ல வந்ததை மறந்து நின்றேன்.

கரை நெடுகப் பெண்கள். சாலை வேலைக்குக் கொட்டி வைத்திருந்த கற்குவியலிலிருந்து மடை வரை ஒரே ஓட்டம். கூடைகள் ஆண்களிடம் போய்விட்டதால், சேலை முந்தியைச் சுருட்டி மடியாக்கி அதில் கல்லைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒழுகும் இடத்தில் ஆண்கள் மூட்டை அடுக்க, அதன் மேல் கல்லைக் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். கேட்டது கல் விழும் சத்தமும் மூச்சும்தான்.

"மச்சானுக்குக் கையில அடி. உயிருக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

லதா ஒரு கணம் நின்றார். "பேசுறாரா?"

"பேசுறாரு. கடப்பாரை எங்கன்னு கேக்குறாரு."

"அப்ப சரி. சும்மா நிக்காம சட்டையக் கழட்டுங்கண்ணே. கல்லு அள்ளுங்க."

அள்ளினேன். பக்கத்தில் வந்த ஒரு பெண் நான் கல்லைத் தூக்கும் விதத்தைப் பார்த்தார்.

"புள்ளையத் தூக்குற மாதிரி தூக்குறாரு. கொரியாவுல கல்லே கெடையாதாண்ணே?"

இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். மூச்சு இல்லை. காலுக்குக் கீழே கரை மெத்தையைப் போல அழுந்தியது. ஒவ்வொரு நடைக்கும் இதுதான் கடைசி நடை என்று நினைத்தேன். எத்தனை நடை என்று தெரியாது. எண்ண மறந்துபோனேன்.

மூன்றரை மணிக்கு நீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. கலங்கல் தெளியத் தொடங்கியது. பூங்கொடி ஒழுகும் இடத்தில் குனிந்து, கையில் ஏந்திப் பார்த்து, சுற்றி நின்றவர்களிடம் காட்டினார். அப்புறம் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார். யாரும் தேற்றப் போகவில்லை. சில பெண்கள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

புதன் காலை வெயில். சுப்பையாவின் வயல் இருந்த இடத்தில் மணல் மேடு. அவர் வரப்பு இருந்த இடத்தைக் காலால் தேடிக்கொண்டிருந்தார். மச்சான் இடது கையில் மாவுக்கட்டோடு, வலது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வாரிசு விசாரணைக்காக வீட்டுக்கு வந்த பூங்கொடி, அதை முடித்துவிட்டு இன்னொரு தாளை எடுத்தார்.

"மொதப் பலகை எத்தன மணிக்கு சார்?"

"11.52."

எழுதிக்கொண்டார். "அடைப்பு பொதுமக்கள் ஒத்துழைப்புடன் அகற்றப்பட்டதுன்னு போட்டுருக்கேன். முன்னாடி எழுதுனது பாக்காம எழுதுனதுன்னும் போட்டுருக்கேன். அடைச்சது யாருன்னு இதுல எழுதல, எழுதுனா கேஸாயிரும். கேட்டாங்கன்னா சொல்லுவேன். நெசம் கேட்டா நெசம்தான் சொல்லணும்."

மச்சான் கஞ்சியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்கிட்ட இருக்குற படம்?" என்றேன்.

"உங்க படம் உங்ககிட்ட இருக்கட்டும் சார். அழிங்கன்னு நான் சொல்ல மாட்டேன். குடுங்கன்னும் இன்னிக்கி கேக்கல."

"பொம்பளைங்க கல்லு சுமந்ததை எழுதுனீங்களா?"

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம்.

"அதுக்கு இதுல கட்டம் இல்ல சார்."

கோயாங் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. மச்சானிடமிருந்து போன் வரும்போதெல்லாம் செல்வி என் முகத்தைப் பார்க்கிறாள். படத்தை இதுவரை யாரும் கேட்கவில்லை. பாக் ஆசிரியருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கொரிய மொழியில் அவர் கேட்டது இது: "எத்தனை பெண்கள்? அன்றைக்கு யாராவது எழுதி வைத்தார்களா?"

வீட்டுக்கு வந்து, கைபேசியில் படம் இல்லாத ஒரு குறிப்பை எழுதினேன். இப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை.

"நவம்பர் 25, செவ்வாய், நண்பகலிலிருந்து மூன்றரை வரை. கண்மாய்க்கரை. கல் சுமந்த பெண்கள்: லதா முப்பது பேர் என்கிறார். சின்னையா அறுபது என்கிறார். நான் எண்ணவில்லை. சரிபார்க்கப்படவில்லை."